அமிர்தம் அடி

"நேத்து போன்ல நீங்கதான மச்சான் சொன்னீங்க, கடைசி ஐட்டம் எனக்குன்னு, பேரு சொல்லிக் கூப்பிடுவேன்னு..."

"சொன்னேன்லா, இல்லேங்கல, ஆனா இப்ப நெலமை..."

"என்னா நெலமை, ஆறு நிமிஷம்தான கேக்குறேன், ஆறே நிமிஷம்..."

"நான் பேசி முடிச்சுக்கிறேன், அப்பறம் நீ பேசு."

"நீங்க எப்ப பேசி முடிச்சிருக்கீங்க?"

மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த ரதி நிமிர்ந்து பார்த்தாள். மேடைமேல் மல்லுக்கு நின்றவர்களில் ஒருவன் அவள் கணவன் சுகுமாறன். மற்றவர் அவளுடைய அண்ணன் வசந்தன். "ரெண்டு பேரும் ஒண்ணா பேசினா யாருதான் கேக்குறது?" என்றாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. ஆத்தோரத் தோட்டத்து மண்டபத்தில் பத்து மணிக்கு நிகழ்ச்சி. தோட்டம் என்றுதான் பேர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வரிசை வீடுகளில் வங்காளதேசத்துக்காரர்கள் குடியிருக்கிறார்கள். இங்கே பிறந்தவர்கள் எல்லாரும் சிரம்பான் பக்கம் அம்பாங்கானிலும் செண்டாயானிலும் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை காடியை ஓட்டிக்கொண்டு வந்து இந்த மண்டபத்தில் கூடுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், யார் யார் இளைத்துவிட்டார்கள் என்று பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் கூட்டம் அதிகம் வரும். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: "அமிர்தலிங்கம் மீண்டும் மேடையில். இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டு."

அமிர்தலிங்கத்தைத் தெரியாத வாத்தியக்காரர் இந்த ஊரில் இல்லை. அவர் வருவதற்கு முன்னால் தமிழ் பேண்டுகளில் பேஸ் கிடார் என்பது டிரம் பக்கத்தில் நின்று தும் தும் என்று தாளத்துக்கு முட்டுக் கொடுக்கிற வேலை. யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆத்தோரத் தோட்டத்துப் பால்மரம் வெட்டுகிறவர் மகன் அந்தக் கிடாரை மேடையின் முன்னுக்கு இழுத்து வந்தார். விரலுக்குப் பதில் பிளாஸ்டிக் பிக்கைப் பிடித்து, தந்தி முடிகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஓங்கி அடிப்பார். பாடுகிறவனோடு போட்டி போட்டுப் பாட்டின் மேல் ஏறிப் போவார். தகரத்தை ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு கர்ர் சத்தம். ஒரே ஒரு இசைத்தட்டுதான் போட்டார். சிரம்பானிலிருந்து ஈப்போ வரைக்கும் எல்லா பேண்டும் அப்படியே அடிக்க ஆரம்பித்தது. அதற்கு அமிர்தம் அடி என்றே பேர் விழுந்தது. இன்றைக்கும் கல்யாணத்துக்கு பேண்டு பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, "அமிர்தம் அடி வருமா?"

வரும். வசந்தன் பேண்டில் வரும். ஏனென்றால் அங்கே சுகுமாறன் இருந்தான். சுங்கை காடுட் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. சனி ஞாயிறு கல்யாண மேடை. இருபத்தொரு வயதில் அமிர்தம் அடியைக் கேட்டுக் கேட்டு எழுத்து எழுத்தாகப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அவர், எது இவன் என்று சொல்ல முடியாது. முதலில் அது பாராட்டாக இருந்தது. இப்போது நாற்பத்தேழு வயது, காதோரம் நரைத்துவிட்டது, இன்னமும் அவனுக்கு மேடையில் பேர் "குட்டி அமிர்தம்"தான். சுகுமாறன் என்று யாரும் சொல்வதில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

"நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றார் வசந்தன், குரலைத் தணித்து. "உள்ள ஒக்காந்து அஞ்சு பாட்டு வாசிக்கிற. அப்பறம் வெளிய வந்து நின்னு நீ ஒண்ணு வாசிச்சா, தோட்டத்து ஆளுங்க என்னா மடையனுங்களா? இவ்ளோ நேரம் இவன் எங்க இருந்தான்னு ஒருத்தனாச்சும் கேக்க மாட்டான்?"

"அது உங்களுக்கு நேத்துத் தெரியலையா?"

"நேத்துத் தெரியல. காலையில பல்லு வெளக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு."

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அமிர்தலிங்கத்துக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, இடது கை தேறவில்லை. விரல் மடங்காது. வசந்தனுக்கு அது தெரியும், ஆனால் பேனர் அடித்த பிறகுதான் தெரியும். அதனால் ஓர் ஏற்பாடு. பெரியவர் மேடையில் கிடாரோடு உட்காருவார். அவருடைய கிடாரின் வயர் எதிலும் சொருகப்பட்டிருக்காது. திரைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் அறையில் சுகுமாறன் உட்கார்ந்து வாசிப்பான். அவன் வயர் திரைக்கடியில் வந்து, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் சேரும். சம்மதிப்பதற்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. நிகழ்ச்சி முடிவில், திரைக்கு முன்னால், அவனுடைய சொந்த வாசிப்பு. அவன் பேரில்.

அந்தச் சொந்த வாசிப்பை இதுவரை கேட்ட ஒரே ஆள் ரதி. இரண்டு வருஷமாக, வேலை விட்டு வந்து குளித்ததும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிடாரின் அடிப்பக்கத்தை மர அலமாரியில் சாய்த்து வைத்துக்கொள்வான். ஆம்ப் கிடையாது. அலமாரிதான் ஆம்ப். பிக் இல்லாமல் இரண்டு விரலால் மீட்டுவான். வாசிப்பதைவிட வாசிக்காமல் விடுவதுதான் அதிகம். தாழ்ந்த ஒரு சுரம் எழும்பும், அலமாரிக் கதவு லேசாக அதிரும், அது அடங்குகிற வரைக்கும் காத்திருப்பான், பிறகு அடுத்தது. "சோறு கொதிக்கிற சத்தம் மாதிரி இருக்கு" என்பாள் ரதி. கேலிதான். ஆனாலும் அது ஆரம்பித்தால் மிக்ஸியை நிறுத்திவிடுவாள்.

"அப்ப நான் வாசிக்கல" என்றான் சுகுமாறன்.

"வாசிக்காத. பேனரைக் கிழி. வெளிய காடி வந்து நிக்கும் இப்ப. போயி அவருகிட்ட நீயே சொல்லு, திரும்பிப் போங்கன்னு."

"அண்ணே, இவர் ரெண்டு வருஷமா ஒரு வாய்ப்புக் கேக்குறார்" என்றாள் ரதி கீழேயிருந்து.

"நீ எந்தப் பக்கம்?"

"நான் நாற்காலிப் பக்கம். இருநூறு போடணும்னு சொன்னீங்க, எம்பதுதான் இருக்கு."

"மிச்சம் ஸ்டோர்ல இருக்கும், எடுத்துக்க" என்றார் வசந்தன். "அவன் போயி ஒக்காரதுக்குள்ள எடுத்துடு."

சுகுமாறன் மைத்துனர் முகத்தைப் பார்த்தான். அவன் போய் உட்காருவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

காடி வந்தது. அமிர்தலிங்கம் வெள்ளைச் சட்டையில் இறங்கினார். இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. பின்னாலேயே அவர் மனைவி நீலாவதி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. அவர் நேரே மேடையில் போய் உட்காரவில்லை. "எவன் வாசிக்கிறான், அவனைக் காட்டு" என்றார்.

ஸ்டோர் அறை நாலு ஆள் நின்றால் நிறைகிற அளவு. ஒரே ஒரு கம்பி ஜன்னல், அதுவும் செம்பனைப் பக்கம் பார்த்தது. ஒரே ஒரு கதவு, அது மேடையில் திறந்தது. நாற்காலி அடுக்கு, கோயில் அண்டா, ஸ்டாண்டு ஒடிந்த ஃபேன். மூலையில் துருப்பிடித்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று, கோயிலில் புது ஸ்பீக்கர் வாங்கிய பிறகு இங்கே தூக்கிப் போட்டது. பெரியவர் சுகுமாறனைப் பார்க்கவில்லை. குழாயைத்தான் பார்த்தார். போய் வலது கையால் அதன் வாயைத் தட்டினார்.

"இவன் இன்னும் சாகலையா?" என்றார்.

"யாருண்ணே?"

"இவன்தான்டா எனக்கு அமிர்தம் அடி சொல்லிக் குடுத்தவன்."

சுகுமாறனுக்குப் புரியவில்லை. நீலாவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"எங்ககிட்ட அப்ப ஏது பேஸ் ஆம்ப்? ஆபீஸ் கிராணி மகன்கிட்ட வாங்கின பழைய கிடாரு ஒண்ணு, அவ்ளோதான். திருவிழான்னா கோயில் மெஷின்ல சொருகி, தென்னைமரத்துல கட்டுன இந்தக் குழாயிலதான் வுடணும். குழாய்க்குத் தாழ்ந்த சத்தம் தெரியாது. மெதுவா மீட்டினா வெளிய ஒண்ணுமே வராது. நாலாவது லயத்துக்காரன் மறுநாள் கேப்பான், என்னாடா அமிர்தம், நேத்து நீ வாசிக்கலையான்னு. நான் ரெண்டு மணி நேரம் வாசிச்சிருப்பேன்."

"அதனால?"

"அதனால மேல மேல போனேன். குழாய்க்குக் கேக்குற எடத்துக்குப் போனேன். வெரலை வுட்டுட்டு பிக்கு புடிச்சேன். பிரிட்ஜுகிட்ட ஓங்கி அடிச்சேன். அது தாங்காமக் கதறுச்சு. அந்தக் கர்ர்னு வர்றது நான் இல்ல. குழாய் கிழிஞ்ச சத்தம்."

"ரெக்கார்டுலயும் அப்படித்தான இருக்கு? ரெக்கார்டு பண்ணுன சிங்கப்பூர்ல குழாய் இல்லையே."

"சிங்கப்பூர்ல நல்ல மெஷின் வச்சிருந்தாங்க. நானும் மெதுவா, வெரல்ல ஆரம்பிச்சேன். ரெக்கார்டு பண்ணவரு நம்ம திருவிழாவுக்கு வந்து கேட்டவரு. நிறுத்திட்டாரு. என்னா தம்பி தூங்குற, தோட்டத்துல அடிச்ச மாதிரி அடின்னாரு. அடிச்சேன். அதுக்கப்பறம் யாரு வேற மாதிரி வாசிக்க வுட்டா?"

"உங்களுக்கு அந்தச் சத்தம்..."

"புடிக்காது. ஒரு நாளும் புடிச்சதில்ல."

சுகுமாறன் சிரித்துவிட்டான். சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. "அண்ணே, அந்தச் சத்தம் வரணும்னு நான் நாலு பெடல் மாத்தினேன். விரல் காச்சுப் போயி வேலையில ஸ்க்ரூ புடிக்க முடியாம இருந்திருக்கேன். இருபத்தாறு வருஷம் இந்தக் குழாயைத்தான் வாசிச்சிருக்கேனா?"

"நல்லாத்தான் வாசிச்ச. டெலிபோன்ல அனுப்புவாங்க, கேப்பேன். எனக்கே எரிச்சல் வர்ற அளவுக்கு நல்லா வாசிச்ச."

"அப்ப உங்களுக்கு வேணும்னு இருந்த சத்தம் எப்படி?"

பெரியவர் பையிலிருந்து இடது கையை எடுத்துப் பார்த்தார். அது மடியில் கிடந்தது. "வாயால சொல்ல முடிஞ்சா நான் எதுக்குடா வாத்தியம் வாசிக்கிறேன்?"

"கெளப்பி வுடாதீங்க தம்பி, பிரஷர் ஏறும்" என்றாள் நீலாவதி. பிளாஸ்டிக் பையிலிருந்து தோல் நிறப் பிளாஸ்திரியை எடுத்தாள். பெரியவரின் கிடார் வந்ததும், அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன் கழுத்தின் மேல் வைத்து ஒட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் பிடித்திருக்கிற மாதிரியே இருந்தது. வேலை முடிந்ததும் சுகுமாறன் பக்கம் திரும்பி, புருஷன் காதில் விழாத மாதிரி சொன்னாள்: "ரெண்டு வருஷமா பசாருக்குச் சாமான் வாங்கக்கூட வரமாட்டேன்னுட்டாரு தம்பி. கையைப் பையிலேயே வச்சிருக்காரு. இன்னைக்குத்தான் கேட்டு வாங்கிச் சட்டை போட்டாரு. ஒரு நாள்தான். நீங்க என்னா கேக்குறீங்கன்னு வசந்தன் தம்பி சொல்லுச்சு. இன்னைக்கு மட்டும் வேணாம்."

அவன் தலையாட்டினான்.

ஒன்பதே முக்காலுக்கு வசந்தன் பூட்டோடு வந்தார்.

"பூட்டு எதுக்கு மச்சான்?"

"நாற்காலி பத்தலைன்னு எவனாச்சும் திறந்தான்னா? சாவி என்கிட்ட இருக்கு. ஃபேன் போடாத, திரை ஆடும்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"போத்தல் வச்சிருக்கேன் பாரு, அண்டா பக்கத்துல. சபார் லா, பொறுத்துக்க, ரெண்டு மணி நேரம்தான்."

பூட்டு விழுந்தது.

கதவின் மேல் பாதியில் கண்ணாடி உடைந்து திரைத்துணி மட்டும் தொங்கியது. அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு விலகல். அதன் வழியாக சுகுமாறனுக்குத் தெரிந்தது பெரியவரின் முதுகு, ஓரத்தில் தந்திமேல் வலது கை, அதற்கப்பால் முதல் மூன்று வரிசை. மூன்றாவது வரிசை ஓரத்தில் ரதி நின்றிருந்தாள், தண்ணீர்த் தட்டோடு.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் மண்டபம் எழுந்து நின்றது. அமிர்தம் அடி. ஸ்டோர் அறையில் அடித்தது, மேடையில் கேட்டது. பெரியவரின் வலது கை சரியாக ஏறி இறங்கியது. பழைய ஆட்கள் தோளில் தோள் போட்டு ஆடினார்கள். ஒரு கிழவர் நாற்காலி மேல் ஏறப் போக, பேரப்பிள்ளைகள் இழுத்து உட்காரவைத்தார்கள். "அதே அடிடா, அப்படியே இருக்காருடா" என்று யாரோ கத்தியது திரையைத் தாண்டி உள்ளே வந்தது.

இரண்டாவது பாட்டு. மூன்றாவது. தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்க ஆரம்பித்தது. சுகுமாறனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வியர்வை கிடார்மேல் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் மூலையில் கிடந்த குழாய் கூடவே லேசாக அதிர்ந்து ஒரு ர்ர் போட்டது. அவன் அதைக் காலால் தள்ளினான். தள்ளின இடத்திலும் அதிர்ந்தது. இருபத்தாறு வருஷமாக எந்த மேடையிலும் இந்தச் சத்தம் போடும்போது தன்னை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கும். அது தன் வேகம் என்று இதுவரை நினைத்திருந்தான்.

நான்காவது பாட்டு முடிந்தது. வசந்தன் மைக்கைப் பிடித்தார். "இப்ப நீங்க எல்லாரும் எதுக்கு வந்தீங்களோ அது. அமிர்தண்ணன், தனியா."

டிரம் நின்றது. தனி என்றால் பேஸ் மட்டும், மூன்று நிமிஷம். இசைத்தட்டில் இருக்கிற தனி. அதை சுகுமாறன் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பான். பிக்கைத் தூக்கினான். முதல் சுரம் எங்கே என்று விரலுக்குத் தெரியும்.

கர்ர் போடுகிற பெடலைக் காலால் அணைத்தான். பிக்கை அண்டாவின் மூடிமேல் வைத்தான். இரண்டு விரலால் அடித் தந்தியைத் தொட்டான்.

இந்த ஆம்ப் அலமாரி இல்லை. ஆளுயரப் பெட்டி. அந்த ஒரு சுரம் சிமெண்டுத் தரையில் இறங்கி, நாற்காலிக் கால்கள் வழியாக ஏறி, உட்கார்ந்திருந்தவர்களின் வயிற்றுக்குப் போனது. அது அடங்குகிற வரைக்கும் சுகுமாறன் காத்திருந்தான். பிறகு அடுத்தது.

மேடையில் பெரியவரின் வலது கை வழக்கம்போல நாலு தடவை ஓங்கி இறங்கிவிட்டு, பழைய சத்தம் வராததால் நின்றது. வசந்தன் திரையைப் பார்த்து முறைத்தார். முறைப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியாது. சாவி அவர் பையில் இருந்தது, கூட்டம் முன்னால் இருந்தது.

முன் வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். "என்னாண்ணே, கரண்டு போயிருச்சா?" சிரிப்பு எழுந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் விரலிலிருந்து பிக் நழுவி விழுந்தது. நழுவியதா, விட்டாரா, சுகுமாறனுக்குத் தெரியவில்லை. பிறகு அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் தந்தியைத் தொட்டன. முதலில் சத்தத்துக்குப் பின்னால் போயின. கொஞ்ச நேரத்தில் கூடவே போயின. ரதி தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நடுவில் ஓரிடம் இருக்கிறது. எல்லாரும் அடுத்த சுரம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கிற இடம். அங்கே அவன் ஒன்றுமே வாசிக்காமல் ஒரு மூச்சு நேரம் விடுவான். இரண்டு வருஷத்தில் அவன் கண்டுபிடித்ததிலேயே அவனுக்குப் பெரிசாகத் தெரிந்தது அதுதான். அந்த இடம் வந்தது. விலகல் வழியாகப் பார்த்தான். பெரியவரின் விரலும் தந்திக்கு மேலே தூக்கியபடி நின்றது. ஒரு மூச்சு. பிறகு இருவர் விரலும் ஒன்றாக இறங்கின. அவனைப் பார்த்து அவர் இறக்கியிருக்க முடியாது. அவர் முதுகுதான் அவன் பக்கம் இருந்தது.

முடிந்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. பெரியவர் குனிந்து மைக்குக்கு வாயைக் கொண்டுபோனார்.

"கரண்டு இருக்குதுப்பா" என்றார். "அம்பது வருஷமா இதைத்தான் வாசிக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நம்ம கோயில் குழாய் வுடல. அப்பறம் நீங்க வுடல. இன்னைக்குத்தான் வந்துச்சு."

அதற்குப் பிறகு வந்த கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. ஐந்தாவது பாட்டை யாரும் கேட்கவில்லை. வசந்தனும் அதை வாசிக்கச் சொல்லவில்லை.

விழாத் தலைவர் பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள். பிரியாணிக்கு வரிசை நின்றது. சுகுமாறன் உள்ளேயே இருந்தான். மேடையில் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்று பேசிக்கொண்டார்கள்.

"மனுஷன் அடியவே தூக்கிப் போட்டுட்டாருடா, பாத்தியா?"

"எழுபத்தி நாலு வயசுல புதுசா ஒண்ணு. இதுக்கு மேல எவன் என்னா பண்ணுவான்?"

"படம் புடிச்சு குரூப்புல போட்டுட்டேன். ஈப்போலேருந்து கேக்குறானுங்க."

"நம்ம குட்டி அமிர்தம் எங்க, காணமே? இதையெல்லாம் வந்து பாக்க வேணாமா அவன்?"

கதவை ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் கையைத் தூக்கினான். அந்த விலகலில் பெரியவர் தெரிந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் கும்பிடக் கும்பிடத் தலையாட்டிக்கொண்டிருந்தார். விரல் இன்னும் கிடார்க் கழுத்தில் ஒட்டியபடி இருந்தது. சுகுமாறன் கையைக் கீழே போட்டான். தாகமாக இருந்தது. போத்தல் காலியாகத்தான் இருந்தது.

ஒன்றரை மணிக்குப் பூட்டு திறந்தது. வசந்தன், பின்னால் ரதி.

"உன்னைக் கொன்னு போட்டிருப்பேன்" என்றார் வசந்தன். முகம் அப்படி இல்லை. "எனக்கு மூச்சே நின்னுடுச்சு. ஆனா நடந்தது நல்லதாப் போச்சு. போர்ட்டிக்சன் கல்யாணக்காரர் இப்பவே புடிச்சுக்கிட்டார், அமிர்தண்ணனோட புது வாசிப்பு உங்க பேண்டுல வருமான்னு."

"என்னா சொன்னீங்க?"

"வரும்னேன். எங்க குட்டி அமிர்தம் கத்துக்கிட்டு வாசிப்பான், ரெண்டு வாரம் டைம் குடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

சுகுமாறன் கிடாரிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

"அண்ணே, அது இவர் வீட்டுல வாசிக்கிறது" என்றாள் ரதி. "ரெண்டு வருஷமா நான் கேக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"இருக்கட்டும். யாரு இல்லேன்னா? ஆனா யாருகிட்ட போயி சொல்லுவ? உள்ள இவன் இருந்தான்னு சொல்லணும். சொன்னா அவரு கை தெரியும். படம் ஊரெல்லாம் போயாச்சு."

"அப்ப அவ்ளோதானா?"

"வேற என்னா? நல்லா யோசிச்சுச் சொல்லு, நான் கேக்குறேன்."

ரதி யோசித்தாள். புருஷன் கையில் தண்ணீர்ப் போத்தலைத் திணித்தாள். அவன் அதைக் குடிக்காமலே வெளியே நடந்தான்.

காடி செம்பனை நிழலில் நின்றது. கதவைத் திறந்து வைத்து, அமிர்தலிங்கம் முன் ஸீட்டில் கால் வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். கிடார் மடியில் இருந்தது. நீலாவதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளாஸ்திரியை ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் பசை இளகித் தோலோடு வந்தது. அவருக்கு வலிக்கவில்லை.

"வாடா வா" என்றார். "கேட்டியா?"

"கேட்டேண்ணே."

"காலையில கேட்டல்ல, எப்படிச் சத்தம் வேணும்னு இருந்தீங்கன்னு. வாயால சொல்ல முடியல. இப்பத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நடுவுல ஓரிடத்துல நிறுத்தினேன் பாத்தியா? கேக்குறவனுக்கு மூச்சு முட்டும் அந்த இடத்துல. அங்க நிறுத்தணும்னு எனக்கு இருபது வயசுல தோணுச்சு. இவகிட்டகூடச் சொன்னதில்ல. ஏன்டி, சொல்லியிருக்கேனா?"

"இல்ல" என்றாள் நீலாவதி. தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அண்ணே, நிறுத்துனது..." என்று ஆரம்பித்தான் சுகுமாறன்.

நீலாவதி அப்போதுதான் நிமிர்ந்தாள். "ரெண்டு வருஷமா இவரு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினதில்ல தம்பி" என்றாள். மறுபடியும் குனிந்து சுண்டுவிரலுக்கு வந்தாள்.

பெரியவர் வலது கையை நீட்டிச் சுகுமாறனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலுவாக இருந்தது. "நீ இனிமே அந்த அடிய வுட்டுடு. போதும், அது குழாயோடது. இதைப் பழகிக்க. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வா, நான் உக்காந்து சொல்லித் தர்றேன். சுரம் ஒண்ணும் கஷ்டமில்ல. எங்க வாசிக்காம வுடுறதுங்கறதுதான். அதை இவ்ளோ நாளா நான் யாருக்கும் குடுக்கல. உனக்குத் தர்றேன்."

சுகுமாறன் கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள்ளே யாரோ டெலிபோனில் எடுத்த படத்தை மறுபடி போட்டார்கள். அந்தச் சின்னப் பெட்டியில் தாழ்ந்த சத்தம் ஒன்றும் வரவில்லை, கைதட்டல் மட்டும்தான் வந்தது. கடைசிப் பிளாஸ்திரி உரிந்தது. இடது கை கிடாரிலிருந்து வழுக்கி அவர் தொடைமேல் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அதுவும் உங்களோடதுன்னா, நான் எதை வாசிக்கிறது?"